கழற்றுவது நல்லது

இரண்டு வருடமாக என் காது என் கண்ணில்தான் இருந்தது. இதைச் சொன்னால் புதிதாகப் பழகுகிறவர்கள் ஏதோ கவிதை சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கவிதையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து எனக்கு இரண்டு காதும் போய்விட்டது. ஐம்பதை நெருங்கும்போது என் மகள் நிறைமதி ஒரு ஜோடி லென்ஸ் வாங்கித் தந்தாள். எதிரில் இருப்பவர் பேசப் பேச, அது எழுத்தாகி என் பார்வையின் அடியில், டிவியில் வேற்று மொழிப் படத்துக்கு ஓடுகிற வசனம் மாதிரி ஓடும். பேச்சைப் பிடிக்கும் மைக், கூடவே வந்த தோட்டுக்குள் இருந்தது. காது கேட்காதவளுக்குத் தோடு கேட்கிறது என்று என் தம்பி கருணாகரன் கேலி செய்வான்.

எனக்குத் திண்டுக்கல்லில் ஒரு அச்சகத்தில் வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பவள் நான். முன்னே பின்னே தெரியாத ஆயிரம் குடும்பங்களின் மரியாதையான வார்த்தைகள் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. நேரில் பேசுவது எப்படி இருக்கும் என்பது மட்டும் எனக்கு மறந்துபோயிருந்தது.

லென்ஸ் போட்ட புதிதில் எனக்கு ஒரே ஆச்சரியம். ஊர் இவ்வளவு மரியாதையானதா? பஸ்ஸில் கண்டக்டர் கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறப்பார். கீழே எழுத்து ஓடும்: ‘தயவுசெய்து உள்ளே செல்லுங்கள், அம்மையாரே.’ காய்கறிக் கடையில் நான் வெண்டைக்காயை உடைத்துப் பார்த்தால், கடைக்காரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, ‘உடைக்காமல் எடுத்தால் மகிழ்வேன்’ என்பாள். எதிர்வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் பேசும்போதுகூட என்னை அம்மையார் என்றுதான் குறிப்பிட்டார்கள். பேச்சு எழுத்தாக மாறும்போது கொஞ்சம் சட்டை மாட்டிக்கொண்டு வரும்போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்கள் அச்சகத்திலும் அப்படித்தான். கவுன்டரில் அண்ணனும் தம்பியும் யார் பெயர் முதலில் வருவது என்று அடித்துக்கொள்வார்கள். அச்சில் வரும்போது எல்லோரும் நல்லாசியுடன் நிற்பார்கள்.

லென்ஸ் மாட்டிவிட்டவர் ஒரு ஒல்லியான ஆள், டாக்டர் இல்லை, கம்பெனியின் கடையில் வேலை செய்பவர். மாட்டவும் கழற்றவும் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஆள்காட்டி விரலை என் முகத்துக்கு நேரே ஆட்டி ஆட்டி நிறைய நேரம் பேசினார். அப்போதே லென்ஸ் என் கண்ணில் இருந்தது. ‘தூங்கும்போது லென்ஸைக் கழற்றுவது நல்லது. தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் சிறப்பு. கையைக் கழுவித் துடைத்தபின் தொடுவது உகந்தது.’ இந்த மாதிரி வரிகளை எத்தனை கோத்திருப்பேன். ‘விழாவுக்கு முன்னதாகவே வருகை தருவது சிறப்பு’ என்று போடுவோம், ஒருத்தரும் முன்னதாக வர மாட்டார்கள். இதையும் அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் லென்ஸுக்குள் ஒரு பூட்டு இருந்தது. காலையில் போட்டால் பொழுது சாயும்போது எழுத்து மங்கும். ‘கண்ணுக்கு ஓய்வு தேவை’ என்று ஒரு வரி வரும். பிறகு ஒன்றும் வராது. கழற்றி மருந்துத் திரவத்தில் ஊறப்போட்டால் மறுநாள் காலையில்தான் மறுபடி வேலை செய்யும். எங்கள் வீட்டில் பேச்சு ஆரம்பிப்பதே அந்த நேரத்தில்தான். என் வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆபீஸிலிருந்து வந்திருப்பார். மகள் வந்திருப்பாள். கருணாகரன் செல்போன் சர்வீஸ் கடையைச் சாத்திவிட்டு ஒரு டீ குடிக்க எட்டிப் பார்ப்பான். மூன்று பேரும் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால், அப்புறம் சொல்றேன் என்பார்கள். இல்லையென்றால், ஒண்ணுமில்ல, சும்மா. என் ஆயுளில் பாதி இந்த ‘அப்புற’த்திலும் ‘சும்மா’விலும் போயிருக்கிறது. செவிட்டுத்தனத்தைவிட இந்த இரண்டு வார்த்தைகள்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

இன்னொன்றும் நடந்தது. முன்பெல்லாம் நான் உதட்டைப் பார்த்துப் பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவேன். வீட்டில் என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் மேஜையைத் தட்டுவார்கள், முகத்தைத் திருப்பி நிறுத்திப் பேசுவார்கள். லென்ஸ் வந்ததும் எனக்கு உதடு மறந்தது. அவர்களுக்கு முகம் திருப்புவது மறந்தது. சமையலறைக்குள்ளிருந்து முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, எல்லோரையும்போல ஆகிவிட்டேன் என்று.

நிறைமதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. கல்யாணம் என்றால் முதல் நாள் சாயங்காலம் பெண் அழைப்பு, மறுநாள் விடியலில் முகூர்த்தம். எல்லாப் பேச்சும் நடப்பது அந்த இடைப்பட்ட நேரத்தில்தான். யார் யாரோடு பேசவில்லை, யாருக்கு எங்கே வயிற்றெரிச்சல், சம்பந்தி என்ன நினைக்கிறாள், எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். என் தங்கைகளின் கல்யாணத்திலும் என் கல்யாணத்திலும் நான் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் மகள் கல்யாணத்திலும் பொழுது சாய்ந்ததும் எனக்கு விளக்கை அணைத்துவிடுவார்களா? நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கருணாகரனின் கடைக்குப் போனேன். தாய்மாமன் சீர் என்று நீ என்னவோ செய்யப்போகிறாய், பெண்ணுக்குச் செய்வதைச் செய், எனக்கு ஒன்று செய், இந்தப் பூட்டைத் திறந்து விடு என்றேன். அவன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

“சும்மா வச்சிருக்க மாட்டாய்ங்கக்கா. கண்ணு சம்பந்தப்பட்டது.”

“மாட்டிவிட்ட ஆளே கழட்டுறது நல்லதுன்னுதான்டா சொன்னாரு. கழட்டாட்டி கெட்டதுன்னு சொல்லலை.”

என் வாதம் எனக்கே பிரமாதமாகப் பட்டது. அவன் மேலும் கொஞ்சம் முனகினான். அக்காள் இதுவரை எதையும் கேட்டதில்லை என்பது அவனுக்குத் தெரியும். லென்ஸ் டப்பாவைக் கம்ப்யூட்டரோடு இணைத்துத் தட்டிக்கொண்டே இருந்தவன், நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி என்னை ஒரு மாதிரி பார்த்தான். என்னடா என்று கேட்டேன். ஒண்ணுமில்ல, சும்மா என்றான்.

பெண் அழைப்பன்று மண்டப வாசலில் நான்தான் நின்றேன். பெண்ணைப் பெற்றவள் வேறு எங்கே நிற்பாள். பக்கத்தில் இரண்டு சின்னப் பெண்கள், ஒருத்தி கையில் கல்கண்டுத் தட்டு, இன்னொருத்தி கையில் பன்னீர்ச் சொம்பு. ஒவ்வொரு குடும்பமாக வர வர அவள் சொம்பை உதறுவாள். வருகிறவர்களுக்குப் பாதி, எனக்குப் பாதி. பன்னீர் தீர்ந்துபோனதும் மண்டபத்து ஆள் தொட்டித் தண்ணீரைப் பிடித்து அதில் சென்ட்டைக் கலந்து கொடுத்தான், நானே பார்த்தேன். கண்ணில் தெறிக்கும்போதெல்லாம் எழுத்து கலங்கும். பட்டுப்புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொள்வேன், திரும்பத் தெளியும். அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன்.

பொழுது சாய்ந்தது. எழுத்து மங்கவில்லை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. சாப்பாட்டுப் பந்தியில், பூ கட்டும் இடத்தில், மணப்பெண் அறையில் என்று நான் போகாத இடமில்லை, படிக்காத பேச்சில்லை. சம்பந்தியம்மாள் தன் நாத்தனாரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். ‘இப்படிப்பட்ட அம்மையார் சம்பந்தியாக வாய்த்தது நம் பாக்கியம்.’ கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் மனசு நெகிழ்ந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். விடிவதற்குள் கொஞ்சம் கண்ணயர்ந்தேன், லென்ஸோடுதான். யாராவது எழுப்பி ஏதாவது சொன்னால் தெரிய வேண்டுமே.

கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் வலது கண்ணில் மணல் விழுந்தது மாதிரி உறுத்தல். சிவந்திருந்தது. மெடிக்கல் ஷாப்பில் சிவப்புக்கு என்று கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டேன். சிவப்பு போனது. வலி போகவில்லை. பிறகு முள்ளை வைத்துக் குத்துகிற மாதிரி ஆகி, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமல் போனபோதுதான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்போதும் வலது லென்ஸை மட்டும்தான் கழற்றியிருந்தேன். இடது கண்ணில் இல்லாவிட்டால் டாக்டர் சொல்வது எப்படித் தெரியும்?

டாக்டர் ரெஜினா என்னை ஒரு கருவிக்கு முன்னால் உட்காரவைத்து, தாடையைப் பொருத்தச் சொல்லி, ஒரு ஒளிக்கீற்றை விட்டுப் பார்த்தார். நடந்ததையெல்லாம் கேட்டார். சொன்னேன். கருவியைத் தள்ளிவிட்டு மேஜையை ஓங்கி அடித்தார். வாய் பெரிதாகத் திறந்து மூடியது. பக்கத்தில் நின்ற நர்ஸ் ஒரு அடி பின்னால் போனாள். என் கண்ணில் எழுத்து நிதானமாக ஓடியது: ‘தாங்கள் லென்ஸுடன் உறங்கியது சற்று வருத்தமளிக்கிறது. கண்ணின் நிலை கவனிக்கத்தக்கது.’

வருத்தப்படுகிறாரே என்று நான் டாக்டரைப் பார்த்துச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அவருக்கு என்ன செய்ததோ, முகம் இன்னும் சிவந்தது. என் இடது கண்ணைக் காட்டி, கழற்று என்று சைகை செய்தார். கழற்றினேன். எழுத்து போனது. கம்ப்யூட்டரில் பெரிய எழுத்தில் தட்டி, திரையை என் பக்கம் திருப்பினார்.

“கண்ணு அழுகிக்கிட்டிருக்கு. கத்துறேன், சிரிக்கிறீங்க. உங்களுக்கு என்னதான் ஆச்சு?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் படித்தது இது இல்லையே. லென்ஸ் மாட்டியவர் இதெல்லாம் ஆபத்து என்று சொல்லவில்லை, கழற்றுவது நல்லது என்றுதான் சொன்னார் என்றேன். அவர் ‘நல்லதா?’ என்று மட்டும் தட்டினார். பிறகு கோபம் இறங்கி, பொறுமையாகத் தட்டினார்.

“கண்ணோட முன்பக்கத்துல, கறுப்பு வட்டத்துக்கு மேல, வாட்ச் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு. அது வழியாத்தான் வெளிச்சம் உள்ள போகுது. உடம்புல மத்த இடத்துக்கெல்லாம் ரத்தம் போய் மூச்சைக் கொடுக்கும். இதுக்கு ரத்தக்குழாயே கிடையாது. இருந்தா கண்ணாடி மாதிரி தெளிவா இருக்குமா? அதனால அது நேரா காத்துலேருந்துதான் மூச்சு வாங்குது.”

“லென்ஸ் போட்டா?”

“கொஞ்சம் குறையும். முழிச்சிருந்தா சமாளிச்சுக்கும். லென்ஸையும் போட்டு இமையையும் மூடினா, மூஞ்சில தலகாணியை வச்சு அமுக்குற மாதிரி. மூச்சுத் திணறுன இடத்துல மேல்தோல் நைஞ்சுபோகும். அந்த இடத்துல என்ன தண்ணி பட்டுச்சு?”

“பன்னீர்” என்றேன்.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். தொட்டித் தண்ணீரில், குழாய்த் தண்ணீரில் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு அமீபா இருக்குமாம். குடித்தால் ஒன்றும் செய்யாது. முகம் கழுவினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. லென்ஸ் அதைப் பஞ்சு மாதிரி பிடித்துவைத்துக் கண்ணோடு ஒட்டவைத்துவிடுமாம். நைந்த இடம் வழியாக அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. கடையில் நான் வாங்கிப் போட்ட மருந்து சிவப்பைக் குறைத்தது, கூடவே கண்ணின் எதிர்ப்புச் சக்தியையும் குறைத்து அதற்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறது. இடது கண் தப்பித்தது அதிர்ஷ்டம். வலது கண்ணைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது. இப்போதைக்கு லென்ஸை இரண்டு கண்ணிலும் மறந்துவிட வேண்டும்.

அதற்கப்புறம் வந்த நாட்களை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. இருட்டு அறை. ஆரம்பத்தில் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, ஒவ்வொரு சொட்டும் மிளகாய்த் தண்ணீர். வலதைத் திறக்க முடியாது. வலது கூசும்போது இடதும் சேர்ந்து மூடிக்கொள்ளும். காது இல்லாதவளுக்குக் கண்ணையும் மூடினால் அவள் எங்கே இருப்பாள்? சோறு வந்ததா, ஆள் வந்ததா, ஒன்றும் தெரியாமல் ஒரு பெட்டிக்குள் கிடந்தேன்.

கொஞ்சம் தேறி இடது கண்ணைத் திறக்க முடிந்ததும் இன்னொரு கொடுமை. வீட்டில் யாருக்கும் என்னோடு பேசத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் டிவியைப் பார்த்துக்கொண்டே பேசினார். மேஜையைத் தட்டுங்கள் என்றால் தட்டிவிட்டு, மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார். ஒரு நாள் டம்ளரை அவர் காலடியில் விட்டெறிந்தேன். அப்போது திரும்பினார். கோபத்தில் என்ன சொன்னார் என்று உதட்டைப் பார்த்தேன். முழுசாகப் பிடிபடவில்லை. ஒரு வார்த்தை மட்டும் பிடிபட்டது. இரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை நான் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கருணாகரனை வரச் சொன்னேன். நான் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவன் வீட்டுப் பக்கம் சரியாக வரவில்லை. வந்தாலும் உட்காரவில்லை. ஜன்னல் வெளிச்சம் அவன் முகத்தில் விழுகிற மாதிரி நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தேன். டாக்டர் மேஜையை அடித்த கதையைச் சொல்லி, கெட்டுப்போனது லென்ஸா என் மண்டையா என்று கேட்டேன். அவன் என் தோட்டைக் கழற்றச் சொல்லி வாங்கி, தன் செல்போனோடு இணைத்தான். கண்ணில் ஓடும் எழுத்து இப்போது திரையில் ஓடும். திரையின் மேல் மூலையில் ஒரு சின்னப் பொத்தான் பச்சையாக இருந்தது. ‘இதமான மொழி’ என்று அதன்மேல் எழுதியிருந்தது.

“என்னடா இது?”

“மனசு நோகுற மாதிரி யாராச்சும் பேசுனா, அதை மாத்தி நல்லபடியா காட்டும்க்கா. வயசானவங்க, மனசு சரியில்லாதவங்களுக்குன்னு கம்பெனிக்காரன் வச்சது. பூட்டைத் திறக்குறப்பதான் நானே பாத்தேன்.”

அவன் உதட்டைப் பிடிக்க எனக்குச் சிரமமாக இருந்தது. இரண்டு மூன்று தடவை சொல்லவைத்தேன். பிறகு, அந்த ஒல்லி ஆள் அன்றைக்கு என்ன சொல்லியிருப்பானோ அதை இப்போது சொல் என்றேன். அவன் தோட்டை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, என் முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சொன்னான்.

“லென்ஸோட தூங்குனா கண்ணு அவிஞ்சுபோயிரும்.”

திரையில் எழுத்து வந்தது: ‘தூங்கும்போது லென்ஸைக் கழற்றுவது நல்லது.’

அவன் பச்சைப் பொத்தானை அணைத்துவிட்டு மறுபடி சொன்னான். இந்தத் தடவை அவிந்துபோவது அப்படியே வந்தது. நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன். பொத்தானை நானே போட்டேன். அணைத்தேன். மறுபடி போட்டேன். என்னை ஊரில் எப்படிச் சொல்வார்கள், சொல் என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினான். சொல்லுடா என்று கத்தியிருக்க வேண்டும், அவன் ஜன்னல் பக்கம் திரும்பி யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தான். கடைசியில் உதடு லேசாக அசைந்தது.

“செவிடி.”

திரையில் ‘அம்மையார்’ என்று வந்தது.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. எத்தனை அம்மையார், அடேயப்பா. கண்டக்டர், எதிர்வீடு, சம்பந்தி. எல்லோருக்கும் நான் குனிந்து கும்பிடு போட்டிருக்கிறேன். சம்பந்தி அன்றைக்குச் சொன்னது உனக்குக் கேட்டதா என்று கேட்டேன். எல்லாருக்கும் கேட்டது என்றான். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்ததற்கு அர்த்தம் இப்போது விளங்கியது. என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் சொல்லியிருக்க மாட்டான்.

திட்டு எனக்குப் புதிதில்லை. லென்ஸுக்கு முன்னால் நாற்பது வருடம் உதட்டிலேயே படித்திருக்கிறேன், அதோடு சோறு தின்று தூங்கியும் இருக்கிறேன். என்னை ஆத்திரப்படுத்தியது அது இல்லை. எவனோ ஒரு கடைக்காரன், முன்பின் தெரியாத என்னிடம், பாவம் இவள் கண் போய்விடக்கூடாதே என்று விரலை ஆட்டி ஆட்டிக் கத்தியிருக்கிறான். அந்தக் கத்தலில்தான் என் கண் இருந்தது. அதைத் துடைத்து, இஸ்திரி போட்டு, ‘நல்லது’ என்று மடித்துக் கொடுத்திருக்கிறார்கள். மனசு நோகுமாம். நோகட்டுமே, நொந்தால்தானே கழற்றியிருப்பேன்.

கம்பெனிக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது. என் வருத்தம் அவர்களுக்கு முழுமையாகப் புரிகிறதாம். மருத்துவ எச்சரிக்கைகளை இதமான மொழி மாற்றுவதே இல்லையாம், பேசுகிறவர் அவர்களிடம் பதிவு செய்த மருத்துவராக இருக்கும் பட்சத்தில். மாட்டிவிட்டவர் மருத்துவர் இல்லை. டாக்டர் ரெஜினாவின் ஆஸ்பத்திரி பதிவு செய்யவில்லை. பூட்டைத் திறந்தது வேறு என் குற்றம். இவ்வளவையும் ஒரு கடுமையான சொல்கூட இல்லாமல் எழுதியிருந்தார்கள். போனைக் கட்டிலில் வீசினேன்.

பொத்தானை யார் போட்டது என்று கருணாகரனிடம் கேட்டிருந்தேன். வாங்கிய அன்றைக்கே போட்டிருக்கிறது என்றான். வாங்கியது யார் என்று எனக்குத் தெரியாதா? அவளுக்கு விஷயம் தெரியுமா என்றேன். பொத்தானைப் போட்டது தெரியும், அதற்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பு தெரியாது என்றான். கண்ணு விஷயத்தை நான் சொல்ல மாட்டேன்க்கா, நீயே பாத்துக்க என்றான்.

நிறைமதி ஓசூரிலிருந்து வந்த அன்று காலையில்தான் டாக்டர் முடிவாகச் சொல்லியிருந்தார். கிருமி அடங்கிவிட்டது. ஆனால் அந்தக் கண்ணாடியின் நடுவில், கண் பாப்பாவுக்கு நேரே, வெள்ளையாகத் தழும்பு விழுந்துவிட்டது. வலது கண்ணில் இனி வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். ரொம்ப நாள் கழித்து, கண் முழுக்க அமைதியான பிறகு, யாராவது தானம் கொடுத்த படலத்தை வைத்துத் தைக்கலாம். ரத்தக்குழாய் இல்லாத இடம் என்பதால் அடுத்தவருடையதை உடம்பு அவ்வளவாக விரட்டாது. ஆனால் ஒளிந்திருக்கும் கிருமி திரும்ப வந்தால் அதுவும் போகும். இடது கண்ணில் சில மாதம் கழித்து லென்ஸ் போடலாம், பகலில் மட்டும்.

அவளுக்காக நான் வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். இருட்டு அறையில் வேறு என்ன வேலை? ஒவ்வொன்றையும் கோத்து, அடித்து, திருத்தி, இதற்குமேல் கூர்மையாக்க முடியாது என்கிற அளவுக்கு வைத்திருந்தேன்.

வந்தவள் பையைக்கூட வைக்காமல் என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டாள். மெலிந்திருந்தாள். மாமா சொன்னார், உனக்கு அந்தப் பொத்தான் விஷயம் தெரிந்துவிட்டதாமே என்று ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு முன் வேகமாகப் பேசுகிறவள், இப்போது ஒவ்வொரு வார்த்தையாக உதட்டில் வைத்து நிறுத்தினாள். அவள் எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூட ஆண்டு விழாவில் எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் விழா முடியும்வரை என்னைப் பற்றியே பேசினார்களாம்.

“நீ திரும்பி அவங்களப் பாத்து சிரிச்சம்மா. பிள்ளைய நல்லாப் படிக்க வைங்கன்னு வேற சொன்ன. எனக்கு அன்னைக்கு செத்துரலாம்போல இருந்துச்சு. இனி எதுவும் உனக்குக் கேக்குறதா இருந்தா, நல்லதாத்தான் கேக்கணும்னு நெனச்சேன்.”

அடுத்த லென்ஸில் அதை அணைத்துவிட வேண்டும், யார் என்ன சொன்னாலும் எனக்கு அப்படியே வர வேண்டும், என் காதை நீ கழுவித் தர வேண்டியதில்லை என்றேன். கொஞ்சம் காட்டமாகத்தான் சொன்னேன். சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டினாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு என் வலது கண்ணையே பார்த்தாள். அந்த வெள்ளை அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அவள் உதடு அசைந்தது. திரும்பக் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் எனக்கு ஒரே தடவையில் பிடிபட்டது.

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையேம்மா?”

கோத்து வைத்ததெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. எதையும் நான் தேட வேண்டியதில்லை. அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அப்படிச் சொன்னவளின் வீட்டில் இவள் வாழப் போயிருக்கிறாள், இன்று சாயங்காலம் அங்கேதான் திரும்பிப் போக வேண்டும்.

“இல்லடி. யாருக்கு வேணா வருமாம். டாக்டரே சொன்னாங்க. ஒரு வருஷத்துல சரியாயிருமாம்.”

பிடித்த மூச்சை விட்டாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி ஆனது. எனக்குக் கோபம் தீரவில்லை. எதன்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மருந்து விடுகிற நேரம், நீயே விட்டுவிட்டுப் போ என்று தலையைப் பின்னால் சாய்த்தேன். அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, இமையை மெல்ல இழுத்து ஒரு சொட்டு விட்டாள். என் இடது கண்ணுக்கு நேரே குனிந்து, எரியுதாம்மா என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.